வேசரம் என்னும் கோவேறு கழுதை: பட்டதகல் கோயில்களும் 'கலப்பு' என்கிற சொல்லும்

1

கோயில்களைப் பற்றிய சுற்றுலாக் கையேடு, பாடநூல், கலைவரலாற்று நூல் எதை எடுத்தாலும் ஒரு சொல் எந்தச் சங்கடமும் இல்லாமல் புழங்குவதைப் பார்க்கலாம்: 'கலப்பு'. வடக்கும் தெற்கும் கலந்த பாணி, நாகரமும் திராவிடமும் கலந்த அழகு, பண்பாடுகளின் சங்கமம். வட கர்நாடகத்தில் மலப்பிரபா ஆற்றங்கரையில் இருக்கும் பட்டதகல் இந்தச் சொல்லாடலின் தலைநகரம் என்றே சொல்லிவிடலாம். 1987இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது முன்வைத்த காரணமும் இதுதான்: வட இந்தியக் கட்டிட வடிவங்களும் தென்னிந்தியக் கட்டிட வடிவங்களும் இங்கே இணக்கமாகக் கலந்திருக்கின்றன.

இதே சொல்லைக் கோயில் மதிலுக்கு வெளியே கொண்டுவந்து பாருங்கள். கலப்பு மணம், கலப்புச் சாதி, கலப்பில் பிறந்தவன். குரல் தாழ்கிறது, முகம் மாறுகிறது, சில ஊர்களில் அரிவாள் வெளியே வருகிறது. கீதையின் முதல் அத்தியாயத்திலேயே அர்ச்சுனனை நடுங்கவைப்பது வர்ண சங்கரம், அதாவது வர்ணக் கலப்பு. மனு நூலின் பத்தாம் அத்தியாயத்தில் பெரும்பகுதி, எந்த வர்ணத்து ஆண் எந்த வர்ணத்துப் பெண்ணோடு கூடினால் என்ன சாதி பிறக்கும் என்ற கணக்கு. ஆக, கல்லில் கலந்தால் கலை, உடம்பில் கலந்தால் குற்றம் என்று ஒரு நாகரிகம் இரண்டு கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டிடக்கலையில் கலப்பைப் பற்றி இவ்வளவு பெருமிதமாகப் பேச முடிவது, கலந்தது யார், யாருடைய ஆணையின் பேரில், என்ன விலை கொடுத்து என்ற கேள்விகளைக் கழற்றி வைத்துவிட்ட பிறகுதான். கழற்றி வைக்கிற அந்த வேலையை 'பாணி' என்ற சொல் செய்கிறது. பாணிகள் தாமாக நடந்துபோய் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆட்கள் கலக்கிறார்கள், இல்லையென்றால் கலக்கவைக்கப்படுகிறார்கள்.

2

முதலில் சொல்லைப் பார்ப்போம். சிற்ப நூல்கள் கோயிலை நாகரம், திராவிடம், வேசரம் என்று மூன்றாகப் பிரிக்கின்றன. பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது: நாகரம் வடக்கு, திராவிடம் தெற்கு, வேசரம் இரண்டும் கலந்த நடுப்பகுதி, அதாவது தக்காணம். பரீட்சைக்கு எழுத வசதியான விடை. ஆனால் 'வேசர' என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் கோவேறு கழுதை. தமிழ் அகராதியிலும் 'வேசரி' என்றால் கழுதை, கோவேறு கழுதை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்தது, பாரம் சுமக்கும், குட்டி போடாது. வேறு வேர்ச்சொல் சொல்பவர்களும் உண்டு, இரண்டு முனை கொண்ட வடிவத்தைக் குறிக்கும் சொல்லின் திரிபு அது என்று. மொழியியலாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். கலந்த ஒன்றைக் குறிக்கத் தேடியபோது ஒரு விலங்கின் பெயர்தான், அதுவும் மலட்டு விலங்கின் பெயர்தான் இத்தனை பேருக்கும் சட்டென்று பொருந்தித் தெரிந்திருக்கிறது என்பது நமக்குப் போதும்.

இன்னொரு சங்கதி. மயமதம் போன்ற தென்னாட்டு நூல்களில் இந்த மூன்று பெயர்களும் திசையைக் குறிக்கவே இல்லை. அவை வடிவத்தைக் குறிக்கின்றன. சதுரம் என்றால் நாகரம். ஆறு பட்டை அல்லது எட்டுப் பட்டை என்றால் திராவிடம். வட்டம் என்றால் வேசரம். யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாடமும் இதில் அடங்கும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மாமல்லபுரத்து நகுல சகாதேவ ரதம் வேசரம். கோவேறு கழுதை பல்லவர் கடற்கரையிலேயே நிற்கிறது, யாருடைய கண்ணையும் உறுத்தாமல். பட்டதகல்லில் அடுத்தடுத்து நிற்கும் விருபாட்சர், மல்லிகார்ச்சுனர் கோயில்களை இன்று எல்லோரும் 'திராவிடப் பாணி' என்கிறோம். விருபாட்சர் கோயிலின் சிகரம் சதுரம், மல்லிகார்ச்சுனரின் சிகரம் வட்டம். நூல்படி முன்னது நாகரம், பின்னது வேசரம்!

வடிவத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் வடிவியலாக இருந்திருக்கும். சும்மா விடுமா வர்ணம்? சில நூல்கள் இந்த மூன்றையும் சத்துவம், ராஜசம், தாமசம் என்ற முக்குணங்களோடு சேர்த்து அடுக்குகின்றன. பிராமணர், அரசர், வணிகர் என்று வர்ணங்களோடும் சேர்த்து அடுக்குகின்றன. நூலுக்கு நூல் வரிசை மாறும். அடுக்குகிற ஆசை மட்டும் மாறாது. இந்த நூல்கள் இன்று நம் கையில் இருக்கும் வடிவத்தில் பட்டதகல்லுக்குப் பிந்தியவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அதாவது கை முதலில் வேலையை முடித்துவிட்டது. சாத்திரம் பின்னால் வந்து அதற்குச் சாதிச் சான்றிதழ் கொடுத்தது.

அடுத்து வந்தது காலனியம். 1876இல் வெளியான ஜேம்ஸ் ஃபெர்குசனின் இந்தியக் கட்டிடக்கலை வரலாறு, கோயில்களைத் திராவிடம், சாளுக்கியம், வடக்கத்திய அல்லது இந்தோ-ஆரியம் என்று பிரித்தது. கட்டிடம் ஓர் இனத்தின் கையெழுத்து என்பது அவருடைய நம்பிக்கை. 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்து இருபதே ஆண்டுகள். மொழிக்குடும்பத்தின் பெயர் கட்டிடத்தின் இனப்பெயராக மாறிவிட்டது. இத்தனைக்கும் ஃபெர்குசனுக்கு முன்பே, தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ் சிற்ப நூல்களையும் சிற்பிகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு இந்துக்களின் கட்டிடக்கலை பற்றிய கட்டுரையை எழுதியிருந்தார். நூல் அவர் இறந்த பிறகு, 1834இல், லண்டனில் அச்சானது. கோயிலை அதன் அங்கங்களின் அளவுகளாக, உறுப்புகளின் சேர்க்கையாகப் படிக்க அதில் ஒரு வழி இருந்தது. நாம் பிடித்துக்கொண்டது ஃபெர்குசனை. ஏன் என்பதை நம் இயக்க வரலாற்றையும் சேர்த்து வைத்துத்தான் கேட்க வேண்டும். 'திராவிட' என்ற சொல் நமக்கு ஒடுக்குமுறைக்கு எதிரான ஆயுதமாக இருந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. அதே சொல் கோயில் விமானத்தின் மேல் ஏறி உட்கார்ந்தபோது, எட்டுப் பட்டைச் சிகரம் ஓர் இனத்தின் ரத்தத்தூய்மைக்குச் சாட்சி ஆகிவிட்டது. வர்ணத் தூய்மையை எதிர்க்கப் போய் இனத் தூய்மையில் இடறிய கதை இது.

3

இந்தச் சொற்களின் பாரத்தோடுதான் பட்டதகல்லுக்குப் போனேன். வாதாபி என்று நாம் அறிந்த பாதாமியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1997வரை பிஜாப்பூர் மாவட்டம், இப்போது பாகல்கோட். பழைய பெயர் கிசுவொளல், சிவந்த ஊர். மணற்கல்லின் நிறத்தைப் பார்த்தால் பெயர் புரிந்துவிடும். பட்டதகல் என்பது பட்டம் சூட்டும் கல். சாளுக்கியர் முடிசூடிய இடம் என்பது வழக்கு. ஆறு இங்கே வடக்கு நோக்கித் திரும்புகிறது, அதனால் புனிதம்.

ஒரே வளாகத்தில் கோயில்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. யுனெஸ்கோ கணக்கில் ஒன்பது இந்துக் கோயில்கள், ஒரு சமணக் கோயில். காடசித்தேசுவரர், ஜம்புலிங்கர், களகநாதர், காசி விசுவநாதர் ஆகியவற்றின் மேல் வளைந்து குவியும் நாகரச் சிகரங்கள். சங்கமேசுவரர், மல்லிகார்ச்சுனர், விருபாட்சர் ஆகியவற்றின் மேல் தளம் தளமாக ஏறும் திராவிட விமானங்கள். சங்கமேசுவரர் கோயில் விஜயாதித்தன் (ஆட்சி 696–733) எடுத்தது. மற்ற இரண்டும் அவன் மகன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் (733–744) அரசிகளான உலோகமாதேவி, திரைலோக்கியமாதேவி என்ற சகோதரிகள் எடுத்தவை. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் விரலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார்: "இது நார்த், இது சவுத், இது நார்த்." வகுப்பில் பையன்களை எழுப்பி நிறுத்தியதுபோல் இருந்தது.

நிதானமாகப் பார்த்தால் முதலில் தெரிவது கலப்பு இல்லை, பக்கத்துப் பக்கம். நாகரம் நாகரமாக நிற்கிறது, திராவிடம் திராவிடமாக நிற்கிறது. ஒரே அரசு, ஒரே கல், ஒரே ஆறு, இரண்டு கட்டிட மொழிகள். 754 வாக்கில் இரண்டாம் கீர்த்திவர்மன் காலத்தில் இங்கே நட்ட கல்தூணும் இதையே செய்கிறது. அதில் ஒரே சமஸ்கிருத வாசகம் இரண்டு எழுத்துகளில், வடநாட்டு எழுத்திலும் உள்ளூர்க் கன்னட எழுத்திலும், இரண்டு முறை வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்துகள் கலக்கவில்லை, அருகருகே நிற்கின்றன. அரசன் இரண்டு கூட்டத்தோடும் பேசுகிறான், இரண்டுக்கும் தானே அரசன் என்கிறான். இணக்கம் என்று நாம் மெச்சுவது பல சமயம் ஆட்சியின் இலக்கணம்தான்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. வளாகத்திலிருந்து சற்றுத் தள்ளித் தெற்கே, பாபநாதர் கோயிலுக்குப் போனால் சங்கதி வேறு. மேலே நாகரச் சிகரம். கீழே சுவரில் திராவிடப் பாணி அரைத்தூண்கள், மேல்விளிம்பில் கூடமும் சாலையுமாகத் திராவிடக் கோயிலுக்குரிய சிறு மாட வரிசை. சுவர்மாடங்களின் நெற்றியில் மறுபடியும் வடக்கத்திய சாளர வளைவுகள். இரண்டு மண்டபங்களோடு நீண்டு கிடக்கும் உடல், அந்த நீளத்துக்குக் குட்டையாகத் தெரியும் தலை. இராமாயண, பாரதக் காட்சிகள் சுவரில் ஓடுகின்றன, பாத்திரங்களின் பெயர்கள்கூட வெட்டப்பட்டிருக்கின்றன. கலைவரலாற்றாசிரியர்கள் இதைக் கொஞ்சம் சங்கடத்தோடுதான் பார்க்கிறார்கள்: வேலை நடுவில் திட்டம் மாறியிருக்கிறது, விகிதம் சரியில்லை என்று. எனக்குப் பட்டதகல்லிலேயே முக்கியமான கோயில் இதுதான். விருபாட்சர் முழுமையானது, பாபநாதர் தையல் தெரியும் சட்டை. தையல் தெரிகிற இடத்தில்தான் தைத்தவனைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது.

விருபாட்சரின் முழுமையிலும் தையல் உண்டு, அது உள்தையல். விமானத்தின் முன்முகத்தில் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் சுகநாசி, அதில் ஆடும் சிவன். காஞ்சி கைலாசநாதர் விமானத்தில் இந்த மூக்கு கிடையாது. வடக்கத்திய சிகரங்களோடு சேர்த்துப் பேசப்படும் உறுப்பு அது. திராவிட முகத்தில் அது ஒட்டவைத்ததுபோல் இல்லை, முளைத்ததுபோல் இருக்கிறது.

4

காஞ்சியைச் சொல்லிவிட்டேன். விருபாட்சர் கோயிலைக் காஞ்சியை விட்டுவிட்டுப் பேசவே முடியாது. உலோகமாதேவி இக்கோயிலை எடுத்தது, தன் கணவன் மூன்று முறை காஞ்சியை வென்றதற்காக. கல்வெட்டே அப்படித்தான் சொல்கிறது. அவள் பெயரால் லோகேசுவரம் என்பது கோயிலின் பழைய பெயர். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு, 642இல், நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்துப் பாதாமிப் பாறையில் தன் வெற்றியை வெட்டிவிட்டு வந்தான். விக்கிரமாதித்தன் பதிலுக்குக் காஞ்சிக்கு வந்தான். இராசசிம்மேசுவரம் என்கிற கைலாசநாதர் கோயிலின் முன்மண்டபத் தூணில் அவனுடைய கன்னடக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கோயிலின் செல்வத்தைக் கண்டு அதைத் தேவருக்கே திருப்பிக் கொடுத்ததாக அது சொல்கிறது. கொள்ளையடிக்காததற்குக் கல்வெட்டு வெட்ட வேண்டியிருந்தது என்றால் கொள்ளை எவ்வளவு சகஜம் என்று யோசித்துக்கொள்ளலாம். பிறகு ஊர் திரும்பி, அதே அமைப்பில், சுற்றுமதிலும் மதிலை ஒட்டிச் சிறு கோயில் வரிசையுமாக, பட்டதகல்லில் இன்னொன்று எழுகிறது. அதைப் பார்த்துத்தான் எல்லோராவில் இராட்டிரகூடரின் கைலாசம் குடையப்பட்டது என்பது கலைவரலாற்றில் ஏறக்குறைய ஒப்புக்கொண்ட சங்கதி. காஞ்சி, பட்டதகல், எல்லோரா: ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு போர் அல்லது ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு இருக்கிறது. 'இணக்கமான கலப்பு' என்ற வாசகத்தில் இந்த ரத்தம் காய்ந்து நிறம் மாறிவிடுகிறது.

இதற்கு எதிராக நம் பக்கத்தில் இன்னொரு வாசிப்பு தயாராக இருக்கிறது. விருபாட்சர் வாசலில் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, இது நம்ம கைலாசநாதர் கோயில் மாதிரியே இருக்குதே, நம்ம ஆளுங்கள இட்டாந்துதான கட்டியிருப்பான்?" அவரை நான் கேலி செய்யவில்லை. அவர் கண் சரியாகவே பார்த்தது. ஆனால் அந்த 'நம்ம ஆளுங்க' யார்? 1944 முதல் 46 வரை கல்கியில் 'சிவகாமியின் சபதம்' தொடராக வந்த நாளிலிருந்து சாளுக்கியன் என்றால் சூழ்ச்சிக்காரன், பல்லவன் என்றால் கலாரசிகன் என்பது தமிழ் வாசகனின் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆகவே பட்டதகல்லில் அழகாக ஏதாவது இருந்தால் அது காஞ்சியிலிருந்து பிடித்துக்கொண்டு போனதாகத்தான் இருக்க வேண்டும்!

ஆதாரமாகக் காட்டப்படுவது விருபாட்சர் கோயில் கல்வெட்டு ஒன்று. சர்வசித்தி ஆசாரி என்ற சிற்பியைத் 'தென்திசைச் சூத்திரதாரி' என்று அது புகழ்கிறது. தென்திசை என்றால் தமிழ்நாடு என்பது ஒரு தரப்பு. கோயிலின் தென்பக்க வேலைக்குப் பொறுப்பாளி என்பது மறுதரப்பு. இந்த வழக்கில் தீர்ப்பு எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. இரண்டு தரப்பும் அந்த ஆளை ஒரு திசையின் பிரதிநிதியாகத்தான் பார்க்கின்றன. அவன் என்ன ஆள், என்ன நிலையில் இருந்தான் என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை. யுனெஸ்கோவின் இணக்கமும் நம்முடைய இனப்பெருமையும் எதிரெதிர்போலத் தோன்றினாலும் ஓர் இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன: சிற்பியை ஒரு பாணியின் சுமைதாங்கியாக்குவதில்.

5

அவனைக் கேட்போம். பட்டதகல்லின் பெரிய அதிசயம், அது சிற்பிகளின் பெயரைச் சொல்கிறது. விருபாட்சர் கோயிலைக் கட்டியவன் குண்டன் அனிவாரிதாசாரி. அவனுக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டமும் 'பெர்ஜெரெபு' என்ற சிறப்பும் கொடுக்கப்பட்டன. சர்வசித்தி ஆசாரியைப் பற்றிய வரிகள் நகரம், வீடு, அரண்மனை, வாகனம், ஆசனம், கட்டில் என்று அவன் செய்தவற்றை அடுக்கி, அவையே அவனுக்கு மணிமுடி என்கின்றன. பாபநாதர் கோயிலில் ரேவடி ஓவஜ்ஜன் என்ற பெயர். அவனைச் சர்வசித்தி ஆசாரியின் வழியோடு சேர்த்தே கல்வெட்டு சொல்கிறது. 'ஓவஜ்ஜ', பிற்காலத்து 'ஓஜ', இரண்டும் உபாத்தியாயர் என்ற சொல்லின் தேய்வு. வாத்தியார் என்று பொருள். தையல் தெரிகிறது என்று ஒதுக்கிய பாபநாதரில், முழுமை என்று புகழ்ந்த விருபாட்சரின் மாணவப் பரம்பரை வேலை செய்திருக்கிறது. ஒரே பட்டறை, இரண்டு மொழி. இவர்களுக்கு நாகரமும் திராவிடமும் தேசமாகவோ ரத்தமாகவோ இருந்திருக்க முடியாது. கற்றுக்கொள்ளக்கூடிய வேலையாகத்தான் இருந்திருக்கும். பிற்காலத்தில், பெல்லாரிப் பக்கத்து ஹொளல் ஊர்க் கோயில் தூண் ஒன்றில் வெட்டிய எழுத்து பம்மோஜன் என்ற சிற்பியை நாகரம், காலிங்கம், திராவிடம், வேசரம் நான்கிலும் வல்லவன் என்கிறது. வேசரம் அங்கே இரண்டின் குட்டியாகப் பேசப்படவில்லை, நான்கில் ஒரு வித்தையாகப் பேசப்படுகிறது. கர்நாடகத்துப் பிற்காலக் கோயில்கள் நாகரத்தை இரவல் வாங்கியதால் உண்டானவை அல்ல, அங்கே வளர்ந்த திராவிட வடிவமே உள்ளிருந்து மாறி அடைந்த நிலை என்று ஆடம் ஹார்டி 1995இல் விரிவாக வாதிட்டார். கழுதை மலடு இல்லை என்பதற்கு இத்தகி மகாதேவர் கோயிலும் (1112) ஒய்சளர் கோயில்களும் சாட்சி.

ஆனால் பெயர் வெட்டப்பட்டது என்பதால் சிற்பி மதிக்கப்பட்டான் என்று முடிவுகட்ட வேண்டாம். குண்டனுக்குப் பட்டம் கொடுத்ததைச் சொல்லும் அதே கல்வெட்டில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அந்த நாட்டுக் கைவினைஞர்கள் மேல் இருந்த ஒரு விலக்கு நிறுத்தப்பட்டது என்று 19ஆம் நூற்றாண்டில் ஜே.எஃப். ஃப்ளீட் அதை வாசித்தார். ஊர்விலக்கு, சாதிவிலக்கு! மூன்று முறை காஞ்சியை வென்ற பேரரசின் உச்சக் கோயிலைக் கட்டியவர்களைச் சேர்ந்தவர்கள் அதற்கு முன்புவரை தள்ளிவைக்கப்பட்டிருந்தார்கள். எதற்காகத் தள்ளிவைத்தார்கள் என்று கல்வெட்டு பேசவில்லை. விலக்கை நீக்குவதே சன்மானமாக இருந்திருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. கலையின் பொற்காலம் என்று நாம் படித்த காலத்தில் ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசு, மறுபடியும் மனுசனாகச் சேர்த்துக்கொள்ளப்படுவது.

இது கன்னட நாட்டுச் சங்கதி, நமக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், திருச்சிப் பக்கம் உய்யக்கொண்டான் திருமலையில் ஒரு கல்வெட்டு. இராசாசிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் கூடி, சாத்திரங்களைப் புரட்டி, ரதகாரர்கள் என்னென்ன தொழில் செய்யலாம் என்று முடிவு சொல்கிறார்கள். அவர்களை அநுலோமர், அதாவது மேல்வர்ண ஆணுக்கும் கீழ்வர்ணப் பெண்ணுக்கும் பிறந்த கலப்புச் சாதியார் என்று வகைப்படுத்திவிட்டு, கட்டிடம் கட்டுதல், தேர் செய்தல், கோபுரம் எழுப்புதல், யாகக் கருவிகள் செய்தல் ஆகியவற்றை அவர்களுக்கு ஒதுக்குகிறார்கள். பிரம்மவைவர்த்த புராணமும் இதே வேலையைக் கதையாகச் செய்கிறது: விசுவகர்மனுக்கும் சூத்திரப் பெண்ணுக்கும் பிறந்தவர்களே கைவினைஞர்கள், அவர்களில் ஒருவன் சூத்திரதாரன்.

இப்போது இரண்டு கணக்குப் புத்தகங்களும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. கட்டிடத்தின் கலப்பைக் கொண்டாடுகிற அதே பண்பாடு, கட்டியவனைக் 'கலப்பு' என்று சொல்லித்தான் கீழே வைத்தது. கட்டிடத்துக்குப் புகழுரையாக இருக்கும் அதே சொல் கட்டியவனுக்குச் சாதிப் பெயராகிறது. கோவேறு கழுதை என்ற பெயரைக் கோயிலுக்கு வைத்துவிட்டு, அதன் பாரத்தை அவன் முதுகில் ஏற்றினார்கள்.

6

நம் தோழர்கள் சிலர் கேட்கலாம்: கோயில் என்பதே பார்ப்பனிய அதிகாரத்தின் கருங்கல் வடிவம், அதில் நாகரமாக இருந்தால் என்ன, திராவிடமாக இருந்தால் என்ன, நாம் ஏன் அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோயிலை இப்படி மொத்தமாக ஒதுக்கினால் கட்டியவர்களையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறோம். தானம் கொடுத்த அரசியையும் பூசை செய்த பட்டரையும் வரலாறு ஏற்கனவே பத்திரமாக வைத்திருக்கிறது. நாம் விட்டுவிட்டால் காணாமல் போகிறவர்கள் குண்டனும் ரேவடியும்தான்.

இந்த இடத்தில் ஆறு நமக்கு உதவுகிறது. பட்டதகல்லைத் தொட்டு ஓடும் மலப்பிரபா கீழே போய்க் கிருட்டிணையில் கலக்கும் இடம் கூடலசங்கமம், பசவண்ணரின் ஊர். கட்டி நிறுத்திய கோயிலைவிட நடமாடும் மனிதனை மேலாக வைத்த மரபு அவருடையது. விருபாட்சர் கோயில் எழுந்து நானூறு ஆண்டுகள் கழித்து, 12ஆம் நூற்றாண்டில், கல்யாண நகரில் அந்த மரபு ஒரு காரியம் செய்தது. செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் மகனுக்கும் பிராமணரான மதுவரசரின் மகளுக்கும் மணம் நடந்தது என்று சரணர் மரபு சொல்கிறது. கல்லில் கலந்ததை உடம்பில் கலந்து பார்த்தார்கள். பிஜ்ஜள மன்னன் இரண்டு தகப்பன்மாரையும் கொல்வித்தான், கல்யாணம் கலவரத்தில் மூழ்கியது. கிரீஷ் கர்னாட் 1990இல் 'தலெதண்ட' என்று நாடகம் எழுதியது இதை வைத்துத்தான். அப்போதும் அதே நாட்டில் கோயில்கள் எழும்பிக்கொண்டுதான் இருந்தன, வேசரம் செழித்துக்கொண்டுதான் இருந்தது. கல்லின் கலப்பு யாரையும் கொல்லவில்லை. ஏனென்றால் அது எவருடைய வீட்டுக்குள்ளும் வந்து சம்பந்தம் பேசவில்லை.

நம் ஊர்க்கதையும் வேறில்லை. 2012 நவம்பரில் தருமபுரியில் ஒரு திருமணத்தைச் சாக்கிட்டு மூன்று சேரிகள் எரிக்கப்பட்டன. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைக் கடைவீதியில் பட்டப்பகலில் ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார், பக்கத்தில் நின்ற மனைவியும் வெட்டப்பட்டார். சாதியை ஒழிக்க உண்மையான மருந்து கலப்பு மணமே என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். அந்த மருந்தின் பெயரைக் கேட்டாலே கத்தியெடுக்கிற சமூகம், விடுமுறைக்குப் பட்டதகல் போய் "என்ன அருமையான கலப்பு" என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறது.

ஆகவே கலப்பைக் கொண்டாடும் எந்த வாசகத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். கலந்த கைகள் யாருடையவை? அந்தக் கைகளுக்கு உள்ளே நுழைய அனுமதி இருந்ததா? எந்தப் போர் அவர்களை அங்கே கொண்டுவந்தது? பட்டதகல் இந்த மூன்றுக்கும் கல்லிலேயே கொஞ்சம் விடை வைத்திருக்கும் அபூர்வமான இடம். அதனால்தான் அங்கே போக வேண்டும் என்கிறேன். போகிறவர்கள் விருபாட்சரின் அழகைப் பார்த்துவிட்டு அப்படியே பேருந்து ஏறிவிட வேண்டாம். தெற்கே பாபநாதர் கோயில்வரை நடந்துபோய், சுவரில் இரண்டு மொழிகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தையலை மறைக்க ரேவடி ஓவஜ்ஜன் எந்த முயற்சியும் எடுக்கவில்லை.